பரம்பரையும் நீரிழிவும்

“தகப்பனாருக்கு நீரிழிவு இருந்தது, நமக்கும் வந்தே தீரும். இரத்தம் கொடுத்துப் பார்த்து என்ன பயன்?” என்று அங்கத்தினர் பலர் கூற நாம் கேட்டிருக்கிறோம். இப்பேச்சில் பாதி உண்மை. மறுபாதி பெருங்கேடு விளைப்பது.

உண்மையான பாதியை முதலில் காண்போம். 2006-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர், ‘டிசிஎஃப்7எல்2’ என்னும் மரபணுவிலுள்ள ஒரு சிறு வேற்றுமை இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஏதுவாவதை வெளியிட்டனர். தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து அதனைப் பெற்றவர்க்கு அபாயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு; இருவரிடமிருந்தும் பெற்றவர்க்கு இரண்டு மடங்குக்கு மேல். இவர்களிடத்தில் கணையம் இன்சுலினைச் சுரக்கும் திறன் குன்றுகிறது. இத்தகைய வேற்றுமைகள் பின்னர் நூற்றுக்கணக்கில் கண்டறியப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை தனித்தனியே மிக அற்பமானவை.

இனி மறுபாதி. பிமா பருத்தியை நெசவாளர் அறிவர். அப்பெயர், அமெரிக்காவின் அரிஜோனாவில் அரசாங்கச் சோதனைப் பண்ணையில் அதனைப் பயிரிட உதவிய பிமா மக்களால் வந்தது. அவர்கள் ஹீலா ஆற்றில் வாய்க்கால் வெட்டி வேளாண்மை செய்த குடிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆற்றின் மேற்புறத்தே குடியேறியோர் நீரைத் திருப்பிக்கொள்ளவே வயல்கள் காய்ந்தன. நாளடைவில் அரசாங்கம் வழங்கிய மாவும் கொழுப்பும் சர்க்கரையும் உணவாயின. நீர்ப்பங்கீடு கெட்டால் உடம்பும் கெடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை!

இவர்தம் இனத்தாரே மெக்சிகோவில் மைகோபா என்னும் மலையூரில் மக்காச்சோளமும் பயறும் உண்டு, உடலுழைப்பால் வாழ்ந்து வந்தனர். 2006-இல் வெளியான ஒப்பீட்டின்படி, அரிஜோனா பிமா மக்களில் வயதுவந்தோர் 100-க்கு 38 பேருக்கு நீரிழிவு. மைகோபாவிலோ சுமார் 7 பேருக்கே. விதை ஒன்று, விளைந்த நிலம் வேறு.

நோய் வருமுன் இரத்தச் சோதனையால் அறியப்பட்ட 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சி 2002-இல் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பிரிவினர்க்கு வாரம் 150 நிமிட விறுவிறுப்பான நடையும், உடல் எடையில் 100-க்கு 7 பங்கு குறைப்பும் இலக்காக வைக்கப்பட்டன. அப்பிரிவில் நோய் 58 சதவிகிதம் குறைந்தது. மருந்து உண்ட பிரிவில் 31 சதவிகிதமே குறைந்தது.

மேற்கூறிய வேற்றுமையை இருவழியிலும் பெற்றவர்களும் அவர்களிடையே இருந்தனர். வெறும் போலி மாத்திரை உண்ட பிரிவில் அவர்கள் ஏனையோரினும் மிகுதியாக நோய்க்கு ஆளாயினர். நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்ட பிரிவிலோ, அவர்களுக்கும் ஏனையோருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.