முயலுக்கு ஒரு வீடு
(இளம் அறிவியல் - விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

சந்தையிலும் கடைவீதி ஓரத்திலும் கூடையில் வைத்து விற்கும் வெள்ளை முயல்களைப் பார்த்துக் குழந்தைகள் அடம்பிடிப்பதும், பெற்றோர் ஒரு சோடி வாங்கிக் கொடுப்பதும் நம் ஊர்ப்பக்கம் வழக்கம். தை மாதம் வாங்கிய முயல் சித்திரையைத் தாண்டுவதில்லை. கண் பட்டுவிட்டது என்பார்கள், முயல் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். உண்மையில் பல முயல்களைக் கொல்வது அவற்றை அடைத்து வைத்த கூண்டுதான். கிளிக் கூண்டிலும் பழக்கூடையிலும் வாழும் பிராணி அன்று முயல். அதன் உடலமைப்பை அறிந்து வீடு கட்டினால் நம் வெயிலிலும் அதைக் காக்க முடியும். அதற்கான வழிகளைக் காண்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வள்ளுவர் யானையோடு ஒப்பிட்டுச் சொன்ன முயல் நம் மேட்டுக்காட்டில் ஓடும் காட்டுமுயல். அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். அது வளை தோண்டுவதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். நாம் வளர்ப்பது வேறு இனம். ஐரோப்பாவில் ஸ்பெயின் நாட்டுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட வளைமுயலின் வழிவந்தது. குட்டி மயிரின்றி, கண் மூடியபடி பிறக்கும். கூட்டமாக வாழ்வதும், மண்ணைத் தோண்டுவதும், அந்தியிலும் விடியலிலும் மேய்வதும் இதன் இயல்பு. எலிக்கு உறவு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முயலுக்கு மேல்தாடையின் முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சிறு இணைப் பற்கள் உண்டு. 1912இல் கிட்லி என்னும் அறிஞர் முயல்களைத் தனி வரிசையாகப் பிரித்தார். எனினும் எலியைப் போலவே இதற்கும் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். இது கூடு கட்டுபவர் மறக்கக் கூடாத செய்தி.

அடுத்தது வெப்பம். இதுதான் நம் மாவட்டத்தில் உயிர்ப் பிரச்சினை. முயலுக்கு நம்மைப் போல வியர்ப்பதில்லை. நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கவும் அதற்குத் திறமை போதாது. உடற்சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே வெளியேற்றுகிறது. காதில் இரத்தக் குழாய்கள் விரிந்து, சூடான இரத்தம் அங்கே ஓடி, காற்றுபட்டுக் குளிர்ந்து திரும்புகிறது. ஆனால் சூடு எப்போதும் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் செல்லும் என்று இயற்பியலில் படிக்கிறோம். முயலின் உடல் வெப்பம் ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ். ஈரோட்டில் அக்கினி நட்சத்திர நாளில் காற்று 40 பாகையைத் தாண்டும்போது, அந்தக் காதால் என்ன பயன்? வெளியேற வேண்டிய சூடு உள்ளே வரத் தொடங்கும். 30 பாகைக்கு மேலேயே அது தீனியைக் குறைக்கும், சோர்ந்து படுக்கும். மத்திய அரசின் செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனம் கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரிலும், நம் மாநிலக் கால்நடைப் பல்கலைக்கழகம் ஊட்டி அருகே சாண்டிநல்லாவிலும் முயல் ஆய்வை வைத்திருப்பதைக் கவனித்தால் குளிர்ச்சியின் அருமை விளங்கும். மலையைக் கீழே கொண்டுவர முடியாது. நிழலையும் ஈரத்தையும் கொண்டுவர முடியும்.

ஆகவே இடம் தேர்வதே பாதி வேலை. வேம்பு அல்லது புங்கமரத்தின் அடி சிறந்தது. கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக அமைய வேண்டும். அப்போது காலை, மாலைச் சாய்வெயில் குறுகிய பக்கங்களில் மட்டுமே விழும். மேற்குச் சுவரைப் பலகையால் முழுதும் அடைத்துவிட வேண்டும். மாலை வெயிலுக்கும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து நம்மை உலுக்கும் ஆடிக்காற்றுக்கும் அதுவே தடுப்பு. வடக்கும் தெற்கும் கம்பிவலை. ஐப்பசி மழைச்சாரலுக்கு அந்தப் பக்கங்களில் சாக்குத் திரை தொங்கவிட்டுச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். என் தந்தையார் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்லர். ஆனால் ஆட்டுப்பட்டி போடும்போது ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவி, காற்றின் போக்கைப் பார்த்துத்தான் படலை நிறுத்துவார். நான் பாடநூலில் படித்துச் சொன்னபோது, “இதுக்குக் காலேசு போகோணுமா சாமி?” என்று சிரித்தார்.

கூரைக்குத் தென்னந்தடுக்கு அல்லது பனையோலை. தகரமும் சிமெண்ட் அட்டையும் கூட்டை அடுப்பாக்கிவிடும். ஏற்கெனவே தகரம் இருந்தால் அதன்மேல் சோளத்தட்டைக் கனமாகப் பரப்ப வேண்டும்.

இனி அளவு. இங்கிலாந்து முயல் நலச் சங்கத்தார் இரண்டு முயல்களுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறார்கள். நமக்கு இது பெரிதாகத் தோன்றும். ஆனால் முயல் மூன்று நான்கு தாவல் தாவவும், பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கவும் இடமில்லையெனில் அதன் எலும்பும் தசையும் நலிந்துவிடும். 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரத்தில் உறங்கும் கூட்டைச் செய்து 2 அடிக் கால்களில் நிறுத்துக. அதைச் சேர்த்து 10 அடிக்கு 6 அடி மேய்ச்சல் அடைப்பை மூன்றடி உயரத்தில் அமைத்தால், கூட்டின் அடியும் நிழலிடமாக அடைப்புக்குள் வந்துவிடும். ஏறி இறங்க ஐந்தடிப் பலகை ஒன்றில் குறுக்குச் சட்டம் அடித்துச் சாய்த்தால் போதும். எறும்புக்காகக் கூட்டின் கால்களுக்கு நீர்க்கிண்ணம் வைக்கச் சிலர் சொல்வார்கள். ஏறுபலகை இருக்கும்போது எறும்பு அவ்வழியே ஏறிக்கொள்ளும், கிண்ணம் வீண்! மிஞ்சிய தீனியை அந்தியில் அள்ளிவிடுவதே தக்க வழி. கரையான் ஏறாமலிருக்கக் கால்களைக் கல்லின்மேல் நிறுத்த வேண்டும்.

தரை முழுதும் கம்பிவலையாக இருந்தால் முயலின் பின்னங்கால் அடியில் புண் வரும். பூனைக்குள்ள மெத்தைப்பாதம் அதற்கு இல்லை, மயிர்தான் உண்டு. மூங்கில் தப்பைகளைக் கணுச் சீவி, அரை அங்குல இடைவெளியில் அடித்தால் புழுக்கை கீழே விழும், காலும் நோகாது. ஒரு மூலையில் முழுப்பலகையும் அதன்மேல் உலர்புல்லும் வேண்டும்.

வலை விஷயத்தில் சிக்கனம் கூடாது. அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை கோழியை உள்ளே வைக்கும். தெருநாயை வெளியே வைக்காது. பற்றவைத்த கம்பிவலையே தேவை. கண் அரை அங்குலமாக இருந்தால் கீரியும் பெருச்சாளியும் சாரைப்பாம்பும் நுழையா. மரச்சட்டத்தின் உட்புறமாக வலையை அடித்தால் முயல் சட்டத்தைக் கடிக்காது. ஆனால் வெளியிலிருந்து நாய் மோதினால் ஆணி பிடுங்கும். எனவே வலையின்மேல் மெல்லிய ரீப்பர் ஒன்றை வைத்து அறைய வேண்டும். அதை முயல் கடித்தால் ரீப்பரைத்தான் மாற்ற வேண்டியிருக்கும், கூட்டை அன்று. வண்ணம் பூசாதிருப்பது நல்லது. அடைப்பைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து மண்ணால் மூடினால் உள்ளிருந்து முயலும் வெளியிலிருந்து நாயும் தோண்ட முடியாது. மேலே மூடாத அடைப்பு பூனைக்கும் பருந்துக்கும் வைத்த விருந்து. கதவுக்குக் கயிறு போதாது, கொண்டித் தாழ்ப்பாள் வேண்டும்.

கோடைக்கு என் சொந்த யோசனை ஒன்று. பழைய மொடா ஒன்றை அடைப்புக்குள் வாய் வடக்கு நோக்கப் படுக்கவைத்து, மேலே மணலைக் குவித்துக் காலையும் உச்சியிலும் நீர் தெளித்தால், ஈரம் ஆவியாகும்போது மொடாவின் சூட்டையும் எடுத்துச் செல்லும். முயலுக்கும் தன் மூதாதையர் வளை கிடைத்ததுபோல இருக்கும். உள்ளே நீர் தேங்கக் கூடாது. சாக்குத் திரையையும் நனைக்கலாம், காற்று ஊடாடினால் மட்டுமே பயன்.

முயலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது நம்மவரிடையே உள்ள பெருந்தவறான நம்பிக்கை. கனமான மண்சட்டியில் எப்போதும் நீர் இருக்க வேண்டும். தீனியில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்கட்டும். கொழுக்கட்டைப்புல்லும் அறுகும் நம் காட்டிலேயே கிடைக்கின்றன. வேலிமசாலும் அகத்தியும் அளவோடு. முட்டைக்கோசு இலையை மூட்டையாகக் கொட்டினால் வயிறு உப்பும். முயலால் வாந்தி எடுக்க இயலாது.

கட்டுமுன்னே ஆணா பெண்ணா என்று கால்நடை மருந்தகத்தில் காட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். வளர்ந்த இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் சண்டையில் குருதி வழியும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் கருக்காலம் ஏறத்தாழ 31 நாள். ஓர் ஈற்றில் ஆறு ஏழு குட்டிகள். ஈன்ற அன்றே தாய் மீண்டும் கருத்தரிக்கக்கூடும். மேலே சொன்ன அளவு இரண்டு முயல்களுக்கு மட்டுமே.