நினைவகத் தடுப்புகள்

இரு செயலிகள் ஒரே நினைவகத்தைப் பயன்படுத்துகையில், ஒன்று எழுதிய வரிசையிலேயே மற்றொன்று காணும் என்று கொள்வது இயல்பே. ஆயினும் அது எப்பொழுதும் உண்மையன்று.

உதாரணமாக, முதற் செயலி ஒரு செய்தியை எழுதிவிட்டு, அது ஆயத்தம் என்பதற்கு அறிகுறியாக ஒரு கொடியை 0-லிருந்து 1 ஆக மாற்றுகிறது எனக் கொள்வோம். எழுதப்படுபவை விரைவின்பொருட்டுச் செயலிக்குள் ஒரு சிறு தேக்கத்தில் தங்குவதால், கொடி முந்தி வெளிப்படலாம். இரண்டாம் செயலி கொடியைக் கண்டு, பழைய செய்தியையே படித்துவிடும். இயக்குதளத்தின் கருவில் இத்தகைய பிழை நேரின், அதன்மேல் இயங்கும் யாவும் பழுதுறும்.

ஆதலின் லினக்ஸின் கருவில், செய்திக்கும் கொடிக்கும் இடையே எழுத்துத் தடுப்பு ஒன்று இடப்படுகிறது. தடுப்பு எதனையும் விரைவுபடுத்துவதில்லை. வரிசையை மட்டுமே காக்கிறது. இஃதொன்றே போதுமா? போதாது. படிக்கும் செயலியும் கொடியைப் பார்க்குமுன்னரே செய்தியை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே அங்கும் ஒரு படிப்புத் தடுப்பு வேண்டும். பலரும் மறப்பது இதனையே.

இன்டெல் செயலிகள் சாதாரண எழுத்துகளைத் தம்முள் முறை மாற்றிக் காட்டுவதில்லை, படிப்புகளும் அவ்வாறே. எனவே அங்கே மறைந்து கிடக்கும் பிழை, ஆர்ம் செயலியிலே தலைகாட்டும். 1992-இல் அறிமுகமான ஆல்ஃபாவின் விதிகளோ இன்னும் தளர்வானவை: புதிய முகவரியைப் படித்து, அம்முகவரி வழியே சென்றாலும், பழைய மதிப்பே கிட்டக்கூடும்.