மோட்டாருக்கு ஏற்ற பியூஸ்

பம்புசெட் மோட்டார் ஓடத் தொடங்கும்போது, வழக்கமாக இழுக்கும் மின்சாரத்தைப் போல் சுமார் 6 மடங்கு இழுக்கும். பியூஸ் சிறியதானால் அப்போதே போய்விடும். அதற்காகத் தடித்த செம்புக் கம்பியைக் கட்டக் கூடாது. ஷார்ட் ஆகும்போது அக்கம்பி உடனே உருகாது, ஒயர் எரியும்.

பியூஸ் அல்லது சர்க்யூட் பிரேக்கர் ஷார்ட்டிலிருந்து காக்கும். அதிகச் சுமையிலிருந்து காப்பது ஸ்டார்ட்டரில் உள்ள ரிலே. இரண்டும் அவசியம்.

5 எச்.பி. மும்முனை மோட்டார் முழுச் சுமையில் சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். நேரடி ஸ்டார்ட்டரானால் இதைப் போல் இரண்டரை மடங்கு கணக்கிட்டு, அதற்கு அடுத்த அளவான 20 ஆம்பியரில் பியூஸோ பிரேக்கரோ பொருத்தலாம். ரிலேயை மட்டும் மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியருக்கே வைக்க வேண்டும்.

ஒரு முனையில் பியூஸ் போனால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் மற்ற இரு முனைகளில் ஏறக்குறைய 1.7 மடங்கு மின்சாரம் இழுக்கும். ரிலே சரியான அளவில் இருந்தால் மோட்டாரை நிறுத்திவிடும். கூட்டி வைத்திருந்தால் காயில் கருகும்.

ரிலே அடிக்கடி ட்ரிப் ஆனால் அளவைக் கூட்டாமல், குறைந்த மின் அழுத்தம், இறுகிய பேரிங், தளர்ந்த இணைப்பு ஆகியவற்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்க வேண்டும். காயில் கட்டும் செலவும், தண்ணீரின்றிப் பயிர் வாடுவதும் மிச்சம்.