75 இன்ச் டிவி: உட்காரும் இடத்திலிருந்து அளந்து பாருங்கள்

எங்கள் வீட்டு ஹாலில் 75 இன்ச் டிவி மாட்டியதிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இவ்வளவு பெரிசு வேணுமா?" எங்களுக்கு வேண்டியிருந்தது. அதே கேள்வியைக் கேட்ட என் மச்சானிடம் 55 இன்ச் போதும் என்றேன். கோவையில் தனிவீடு கட்டிய பெரியப்பா மகனிடம் 85 வாங்கினாலும் தப்பில்லை என்றேன். மூன்று வீட்டிலும் அவரவர் டிவி அவரவர்க்குச் சரியாக அமைந்திருக்கிறது. பணம் மட்டும் முடிவு செய்கிற விஷயமில்லை இது.

இன்ச் கணக்கு திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை அளப்பது. 55 இன்ச் திரை 122 செ.மீ. அகலமும் 68 செ.மீ. உயரமும் இருக்கும். 75 இன்ச் என்றால் 166க்கு 93. இருபது இன்ச்தானே கூடுதல் என்று தோன்றும். பரப்பளவில் ஏறக்குறைய 86 சதவீதம் கூடுதல். 85 இன்ச் திரையின் அகலம் 188 செ.மீ., அதாவது ஆறடிக்கும் மேல். கடையில் இது தெரியாது. உயரமான கூரைக்குக் கீழே, பக்கத்தில் 98 இன்ச் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது 75 சின்னதாகத்தான் தெரியும். அங்கே நின்று அளவை முடிவு செய்யாதீர்கள்.

வீட்டில் டேப்பை எடுங்கள். உட்கார்ந்தால் கண் எங்கே இருக்குமோ அங்கிருந்து திரை வரும் இடம்வரை அளக்க வேண்டும். சுவருக்குச் சுவர் அளப்பது உதவாது. ஹால் 12 அடி என்று பில்டரின் வரைபடத்தில் இருக்கும். சோபாவின் முதுகுப் பகுதி, சுவருக்கும் சோபாவுக்கும் விட்ட இடைவெளி எல்லாம் போனால் மிஞ்சுவது ஒன்பதடி, ஒன்பதரை அடிதான். டிவியின் இன்ச் அளவை 1.2ஆல் பெருக்கினால் சினிமா அரங்கு போலத் திரை கண்ணை நிறைக்கும் தூரம் கிடைக்கும், 1.6ஆல் பெருக்கினால் நிதானமாகப் பார்க்கும் தூரம். 75 இன்சுக்கு இது ஏழரை அடியிலிருந்து பத்தடி. 65க்கு ஆறரையிலிருந்து எட்டேமுக்கால். 55க்கு ஐந்தரையிலிருந்து ஏழேகால் அடி. மச்சான் வீட்டு ஹாலின் அகலமே பத்தடி. சோபாவில் சாய்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் ஏழடிக்குள்தான். அங்கே 75ஐ மாட்டினால் கிரிக்கெட் பார்க்கும்போது பந்துக்குப் பின்னால் கழுத்தும் திரும்ப வேண்டியிருக்கும். எங்கள் ஹால் நீளமானது. அப்பாவின் நாற்காலியிலிருந்து திரைக்குப் பத்தடி.

அளந்த பிறகு இன்னொன்றும் செய்தோம். பழைய செய்தித்தாள்களை ஒட்டிச் சேர்த்து, 166க்கு 93 செ.மீ. அளவில் சுவரில் மாட்டிச் சில நாள் அப்படியே விட்டோம். யாருக்கும் நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான். காகிதம் சுவரில் ஏறிய பிறகுதான் ஸ்விட்ச்போர்டில் பாதி அதற்குப் பின்னால் போவது தெரிந்தது. காலண்டரையும் முருகன் படத்தையும் எங்கே மாற்றுவது என்று அம்மா யோசிக்க ஆரம்பித்தார். பால்கனிக் கதவு வழியாக மாலை வெயில் சரியாக எந்த இடத்தில் விழுகிறது என்பதும் தெரிந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ப்ளக் பாயின்ட்டை நகர்த்தி, கதவுக்குத் தடித்த திரைச்சீலை போட்ட பிறகுதான் டிவிக்குப் பணம் கட்டினோம்.

அடுத்து, அதில் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்பது. நம் வீடுகளில் டிவி அதிக நேரம் ஓடுவது சீரியலுக்கும் செய்திக்கும். சாதாரண எஸ்டி சேனலில் வரும் படத்தில் 720க்கு 576, சுமார் 4 லட்சம் புள்ளிகள்தான். 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளியை இருபதாக இழுத்துத்தான் டிவி அந்தத் திரையை நிரப்புகிறது. 32 இன்ச்சில் இது கண்ணில் படாது. 75இல் முதல் நாளே பட்டது. "ஏன்டா, எல்லார் மூஞ்சியும் மெழுகு பூசின மாதிரி இருக்கு?" என்றார் அம்மா. டிவியில் கோளாறு இல்லை. கேபிள்காரர் பழைய செட்டாப் பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களாலேயே இணைத்துவிட்டுப் போயிருந்தார். எச்டி பாக்ஸும் எச்டிஎம்ஐ கேபிளும் மாற்றி, அம்மா பார்க்கிற சேனல்களை மட்டும் எச்டியில் எடுத்தோம். புடவை பார்டரின் சரிகை வரை தெரிகிறது என்கிறார் இப்போது. லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் டிவிக்குக் கொடுத்துவிட்டு, எச்டி சேனலுக்கு மாதம் ஆகும் சில்லறைச் செலவை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை. எச்டி எடுக்கப் போவதில்லை, சீரியலும் செய்தியும்தான் ஓடும் என்றால் 43 இன்ச் டிவியில் படம் இன்னும் பளிச்சென்று இருக்கும். அந்த வீட்டுக்குப் பெரிய டிவி நிச்சயமாக வேண்டாம்.

சினிமா விஷயம் தலைகீழ். பெரிய திரைக்காக நான் வாதாடுவது இங்கேதான். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. இன்று வரும் பெரிய படங்களில் பலவும் அந்த அகலத் திரைக்கே எடுக்கப்படுகின்றன. அவற்றை டிவியில் போட்டால் மேலும் கீழும் கருப்புப் பட்டை விழும். 55 இன்ச் டிவியில் படத்துக்கு மிஞ்சும் உயரம் 51 செ.மீ.தான். 75இல் சுமார் 69 செ.மீ. கிடைக்கும். அதாவது, பட்டைகளைக் கழித்த பிறகும் 75 இன்ச்சில் ஓடும் சினிமாஸ்கோப் படம், 55 இன்ச்சில் திரை முழுக்க வரும் படத்தின் உயரத்துக்குச் சமமாக இருக்கிறது. பழைய கருப்பு வெள்ளைப் படங்களுக்குப் பட்டை இரண்டு பக்கமும் விழும். அப்போதும் 124 செ.மீ. அகலம் மிஞ்சுகிறது. வாரத்துக்கு ஒரு படமாவது குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் உள்ள வீட்டில், தூரமும் ஒத்துவந்தால், பெரிய திரைக்குக் கொடுக்கிற பணம் வீணில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கண்புரை அறுவை சிகிச்சை ஆனவர். காதும் கொஞ்சம் மந்தம். பழைய டிவியில் மேட்ச் ஓடும்போது ஓவருக்கு ஓவர் நாற்காலியை விட்டு எழுந்து, திரைக்கு முன்னால் போய்க் குனிந்து ஸ்கோரைப் படித்துவிட்டு வருவார். பிள்ளைகள் "தாத்தா, மறைக்குது" என்று கத்துவார்கள். அதனாலேயே கொஞ்ச நாளில் மேட்ச் பார்ப்பதையே விட்டுவிட்டார். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே எத்தனை பந்தில் எத்தனை ரன் வேண்டும் என்று எங்களுக்குச் சொல்கிறார். படங்களுக்கு சப்டைட்டில் போட்டுவிடுகிறோம். வசனம் காதில் விழாவிட்டாலும் படித்துக்கொள்கிறார்; மலையாளப் படங்களையும் விட்டுவைப்பதில்லை. எந்த விற்பனையாளரும் இதைச் சொல்லி எனக்கு டிவி விற்க முயன்றதில்லை. ஆனால் பெரிய திரையால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த பெரிய நன்மை இதுதான்.

இனி பணம். 32 இன்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம். வரிக்கு முந்தைய விலை ஒரு லட்சம் என்றால் பத்தாயிரம் ரூபாய் குறைய வேண்டும். கடைக்காரர் காட்டும் "தள்ளுபடி"யில் இதையும் சேர்த்துக் காட்டுகிறாரா என்று பாருங்கள். ஒரே விலைக்கு மங்கலான, மலிவான 75 ஒன்றும் நல்ல வெளிச்சமுள்ள, தரமான 65 ஒன்றும் முன்னால் இருந்தால் நான் 65ஐத்தான் எடுப்பேன். நம் ஹால்களில் பகலில் வெளிச்சம் அதிகம். மங்கலான திரையில் இரவுக் காட்சி வந்தால் நம் முகமும் மின்விசிறியும்தான் தெரியும். இன்னொன்று, நம் வீட்டில் யாரும் நேர் எதிரில் மட்டும் உட்காருவதில்லை. ஒருவர் ஊஞ்சலில், ஒருவர் சாப்பாட்டு மேஜையில், பிள்ளைகள் தரையில். சில பேனல்களில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துப் போகும். கடையில் நேராக நின்று பார்த்த பிறகு, நாலடி தள்ளி ஓரத்தில் நின்றும் பாருங்கள்.

டிவியோடு சேர்ந்து வரும் செலவுகளையும் முன்பே கணக்கில் வைக்க வேண்டும். இவ்வளவு மெல்லிய பெட்டிக்குள் நல்ல ஸ்பீக்கருக்கு இடமில்லை; படம் பெரிதாகி சத்தம் கீச்சென்று இருந்தால் ஏமாற்றமாக இருக்கும். சவுண்ட்பாருக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். கரண்ட் கணக்கு எளிது: 200 வாட் இழுக்கும் டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 60 யூனிட் ஏறும். ஸ்டார் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பலர் யோசிக்காதது. 75 இன்ச் டிவியின் அட்டைப்பெட்டி கிட்டத்தட்ட ஆறடி நீளம். அதைப் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தியபடியே தூக்க வேண்டும். எங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட்டுக்குள் அது நுழையவில்லை. மூன்றாவது மாடிக்குப் படிக்கட்டு வழியாக, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று கொண்டு வந்தார்கள். படிக்கட்டுத் திருப்பத்தையும் வாசல் கதவையும் முன்பே அளந்து வைத்திருந்ததால் சிக்கலில்லை. சுவர் எதனால் ஆனது என்று ஃபிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹாலோ பிளாக், ஏஏசி பிளாக் சுவர்களுக்குத் தனி வகை ஆங்கர் வேண்டும். முப்பது கிலோவுக்கு மேல் எடையை சாதாரண பிளக் தாங்காது. உயரமாக மாட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். திரையின் நடுப்பகுதி உட்கார்ந்தவர் கண் மட்டத்தில், தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் வந்தால் கழுத்து வலிக்காது. அப்போது கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டடிதான் இருக்கும். தவழும் குழந்தையோ ஹாலில் பந்து விளையாடும் பையனோ இருக்கும் வீட்டில் அதை நினைத்துப் பாருங்கள். திரை உடைந்தால் சாதாரண வாரண்டியில் வராது. பேனல் மாற்றும் செலவு பெரும்பாலும் புது டிவியின் விலையை நெருங்கிவிடும்.

மாட்டி முடித்ததும் செட்டிங்ஸில் 'விவிட்' மோடை மாற்றிவிடுங்கள். அது கடை வெளிச்சத்துக்கானது. படம் பார்க்க 'பிலிம்மேக்கர்' அல்லது 'சினிமா' மோட் போட்டால் முகங்களின் நிறம் இயல்பாக இருக்கும்.

கண்ணுக்கும் திரைக்கும் எட்டடிக்குள் என்றால் 65ஐத் தாண்ட வேண்டாம். ஒன்பது, பத்தடி இருந்து, எச்டியோ 4கேயோ பார்ப்பீர்கள் என்றால் 75ஐத் தைரியமாக வாங்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், கடைக்குக் கிளம்பும் முன் அவர்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலிருந்து அளந்து பாருங்கள். முடிந்தால் அவர்களையும் கடைக்குக் கூட்டிப்போய், அதே தூரத்தில் உட்காரவைத்து, எழுத்து தெரிகிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.