ஒட்டினால் ஒட்டாத பெட்டி

கேள்வி: எங்கட ஊரைப் பற்றிய தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையில், ஆங்கில விக்கியின் தகவற்பெட்டியைப் பிரதிபண்ணி ஒட்டினேன். சிவப்பு எழுத்துத்தான் வருகிறது. படங்கள் மட்டும் ஒழுங்காகத் தெரிகின்றன. ஏன்?
- வாசகி, தண்ணீரூற்று

பதில்: படங்கள் 2004இல் தொடங்கிய விக்கிமீடியாப் பொதுவகத்தில் ஓரிடத்தில் கிடக்கின்றன; எந்த மொழி விக்கியும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். தகவற்பெட்டியோ ஒரு வார்ப்புரு; வார்ப்புருக்களுக்கு அப்படியொரு பொதுக் களஞ்சியம் கிடையாது. ஒவ்வொரு விக்கியும் தன் பிரதியைத் தானே வைத்துப் பராமரிக்கவேண்டும். பல ஆண்டுகளாகக் கேட்டும் தீராத குறை இது, சின்ன விக்கிகளுக்குப் பெரிய தலையிடி.

நீங்கள் ஒட்டியது பெட்டியை அழைக்கும் வரிகளை மட்டுமே. 2013இல் விக்கிகளுக்கு லுவா நிரல்மொழி வந்தபிறகு, ஒரு பெட்டி அதில் எழுதிய பல நிரற்கூறுகளை அழைக்கும். அவை வேறு சிலவற்றை அழைக்கும். அழைத்த பெயரில் தமிழில் ஒன்றும் இல்லையென்றால் சிவப்புத்தான்.

புதிதாக இறக்காதீர்கள். ஊர்களுக்கான பெட்டி தமிழிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணம் கட்டுரையின் 'தொகு' பக்கத்தைத் திறந்து, அதிலிருந்து எடுத்து விவரங்களை மாற்றுங்கள். உண்மையிலேயே இல்லாத பெட்டியென்றால் நிருவாகி ஒருவரிடம் கேளுங்கள். வரலாற்றோடு இறக்குமதி செய்தால் எழுதியவர்களின் பெயரும் கூடவே வரும், உரிம நிபந்தனையும் அதுதான். ஊரின் ஆள்கூறுகளை 2012இல் தொடங்கிய விக்கித்தரவில் ஒருமுறை இட்டுவிடுங்கள். அங்கிருந்து எடுக்கத் தெரிந்த பெட்டிகள் எந்த மொழியிலும் எடுத்துக்கொள்ளும்.