எடைக்கா காசு, பெட்டிக்கா காசு?

பழைய ரெவாக்ஸ் பி77 ஸ்பூல் டேப் ரெக்கார்டரைப் பழுதுபார்க்க ஐரோப்பாவுக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதலில் தேடுவது தராசை. எடை 17 கிலோ, கிலோவுக்கு இவ்வளவு என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கூரியர்காரர் எடுப்பதோ இன்ச் டேப். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார். அதுவா, தராசு காட்டும் எடையா, எது அதிகமோ அதற்குத்தான் பில். சுற்றிலும் 10 செ.மீ. ஃபோம் வைத்தால் பெட்டி 65 × 61 × 41 செ.மீ. ஆகும்; கணக்கு 32 கிலோவைத் தாண்டும். ஃபோமைக் குறைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரும் மூன்று மோட்டார்களும் உள்ள சாமான். விழுந்தால் வேறு பழுதோடு போய்ச் சேரும். விமானச் சரக்காகப் பதிந்தால் வகுப்பது 6000-ஆல்; ஆனால் சுங்க வேலைக்கு ஏஜென்ட் தேவை.

கப்பல் மலிவு என்பது கன்டெய்னரை நிரப்புகிறவருக்கு. பலர் ஒரே கன்டெய்னரைப் பகிரும் பங்குச் சரக்கில் பெரும்பாலும் ஒரு கன மீட்டர்தான் குறைந்தபட்சக் கட்டணம்; நம் பெட்டி அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பக்கத் துறைமுகச் செலவு தனி. மரப்பெட்டியென்றால் சூடேற்றியோ புகையூட்டியோ பதப்படுத்திய முத்திரை வேண்டும். பிளைவுட்டுக்கு அது தேவையில்லை.

"பழைய சாமான், மதிப்பில்லை" என்று எழுதினால் வரி மிச்சம் என்பது இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை. தொலைந்தால் இழப்பீடு கேட்க வழியில்லை. திரும்பி வரும்போதும் சிக்கல்தான். பழுதுபார்க்க வெளியே போய் மூன்றாண்டுக்குள் திரும்பும் பொருளுக்கு இந்தியச் சுங்கத்தின் 45/2017 அறிவிக்கை சலுகை தருகிறது: முழு விலைக்கு வரியில்லை, பழுதுச் செலவு, காப்பீடு, இருவழிச் சரக்குக் கட்டணம் இவற்றின் மீது மட்டும். இலவசமாகப் பழுதுபார்த்தாலும் அதற்கு நியாயமான தொகை கணக்கில் சேரும். போனதும் வந்ததும் ஒரே பொருள்தான் என்று சுங்க அதிகாரி ஏற்க வேண்டும். அதனால் ஷிப்பிங் பில்லில் 'பழுதுபார்க்க' என்ற காரணமும் சீரியல் எண்ணும் ஏற வேண்டும். இதைக் கூரியர்காரர் தானாகச் செய்யமாட்டார், கேட்டு வாங்க வேண்டும்.

உண்மையில், முழு மெஷினும் போகத் தேவையில்லாமல் இருக்கலாம். புகை வந்ததா? பல வேளைகளில் அது வெடித்த ரிஃபா பிராண்ட் கெப்பாசிட்டர். சால்டரிங் தெரிந்த உள்ளூர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். இந்த மாடலில் பல சர்க்யூட் போர்டுகள் கழற்றி மாட்டக்கூடியவை. கோளாறு எந்த போர்டில் என்று கண்டுபிடித்துவிட்டால், ஒரு சிறு பார்சல் போதும்.