வீட்டுக் கணனியில் முழுப்படியும் தொடர்படியும்

எம்மவர் இல்லங்களிற் கணனி இல்லாத இல்லம் இன்று அரிது. பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், திருமணப் படங்கள், ஊர்க்காணி உறுதிகளின் பிரதிகள், அம்மம்மா சொல்லப் பதிவுசெய்த கதைகள் யாவும் அதன் வன்தட்டு ஒன்றினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. வன்தட்டோ என்றாவது பழுதடையும் பொருள். ஆதலின் அதிலுள்ளவற்றை வேறொரு தட்டிற் படியெடுத்து வைத்தல் வேண்டும். இதனைக் காப்புப்படி என்பர்.

காப்புப்படி எடுக்கும் முறைகளுள் இரண்டினை முதலில் அறிதல் நன்று. எல்லாக் கோப்புகளையும் ஒவ்வொரு முறையும் எடுப்பது முழுப்படி. கடைசிப் படிக்குப் பின்னர் புதிதாகச் சேர்ந்தவற்றையும் மாறியவற்றையும் மட்டும் எடுப்பது தொடர்படி.

ஊரிலே பலசரக்குக் கடைக்காரர் ஆண்டுத் தொடக்கத்திற் கடையிலுள்ள சரக்கு முழுவதையும் எண்ணி எழுதுவார்; அது முழுப்படி போன்றது. பின்னர் அன்றன்று வந்ததையும் போனதையும் மாத்திரம் கொப்பியில் எழுதுவார், அது தொடர்படி. நாள்தோறும் கடை முழுவதையும் எண்ணுவதாயின் வியாபாரம் நடந்தபாடில்லை. ஆனால் இடையில் ஒரு தாள் கிழிந்து போனால், அதன் பின்வரும் இருப்புக் கணக்கு எதுவும் சரிவராது.

கணனியிலும் அவ்வாறே. உங்கள் கோப்புகள் 200 ஜிகாபைட் எனவும், நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் புதிதாகச் சேர்வதாகவும் கொள்வோம். ஏழு நாளும் முழுப்படி எடுத்தால் 1,400 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். ஞாயிறன்று முழுப்படியும் ஏனைய ஆறு நாளும் தொடர்படியும் எடுத்தால் 212 போதும். இலாபம் வெளிப்படை. ஆயினும் சனிக்கிழமை வன்தட்டு செயலிழந்தால், ஞாயிற்றுப் படியையும் ஆறு தொடர்படிகளையும் வரிசை தப்பாமல் மீட்க வேண்டும். புதன்கிழமைப் படி கெட்டிருந்தால் அன்று சேர்ந்தவை போயின. சில மென்பொருள்கள் அதற்குப் பிந்தியவற்றையும் திறக்க மறுக்கும். ஞாயிற்று முழுப்படியே கெட்டிருந்தால், மீதி ஆறும் இருந்தும் பெரும்பயன் இல்லை.

இவற்றுக்கு இடைப்பட்டதாக வேறுபாட்டுப்படி என ஒன்றுண்டு. கடைசி முழுப்படிக்குப் பின் மாறிய அனைத்தையும் அது ஒவ்வொரு நாளும் மீண்டும் எடுக்கும். இடம் சற்றுக் கூடும். மீட்பதற்கோ இரண்டு படிகளே போதும். 1993 இல் வெளிவந்த எம்.எஸ்.டொஸ் 6 இலேயே இம்மூன்று முறைகளும் இருந்தன. வீட்டுக் கணனிக்கு, மாதம் ஒரு முழுப்படியும் இடையே தொடர்படிகளும் போதுமென்பது எமது கருத்து. புதிய முழுப்படியைச் சோதித்துப் பார்க்குமுன் பழையதை அழித்தல் ஆகாது.

எந்த முறையாயினும், படி எங்கே இருக்கின்றது என்பதே பெரிய கேள்வி. எமது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஏரிகள் சந்திக்கும் கரையில் உள்ள ஊர். இங்குள்ள டூ-மொந்தாஞ் ஏரியின் வடகரையிலே, சென்ட்-மார்த்-சூர்-லு-லக் என்னும் ஊரில், 2019 ஏப்ரல் 27 அன்று அணை உடைந்து 6,000 இற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். நிலக்கீழ் அறையிற் கணனியையும் காப்புத் தட்டையும் ஒரே மேசையில் வைத்திருப்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம். 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்தில் அச்சுப்பிரதி இருந்த நூல்களைப் பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது. வேறெங்கும் படியில்லாத ஏடுகள் திரும்பவில்லை.

ஆகவே தட்டுகள் இரண்டு வாங்கி, முழுப்படி எடுத்த ஒன்றை வேறொரு பகுதியில் வாழும் உறவினர் வீட்டிற் கொடுத்து வையுங்கள்; மாதந்தோறும் மாற்றிக் கொள்ளலாம். வீட்டிலுள்ளதைப் படியெடுத்தவுடன் கழற்றி விடுங்கள்; செருகியே இருந்தால் கணனியைத் தாக்கும் வைரஸ் அதனையும் தாக்கக்கூடும். மாணவர்களே, இந்த விடுமுறையிற் பெற்றோரின் காப்புத் தட்டை எடுத்து, அதிலுள்ள ஒரு படத்தையும் ஒரு குரற்பதிவையும் வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். திறக்கவில்லையாயின் அன்றே புதிய முழுப்படி ஒன்றை எடுங்கள்.